தக்கலைப் பக்கம் ஓர் ஓட்டு வீட்டின் முன்அறை: சுண்ணாம்பு, சிவப்புத் தரை, அயனிக் கதவு

அறை 14க்கு 10 அடி. வெட்டுகல் (செம்புரைக்கல்) சுவர், ஒன்றரை அடி கனம். மேலே அயனி (ஆஞ்சிலி) மரத்தில் கழுக்கோல், அதாவது ஓட்டைத் தாங்கும் சாய்வுச் சட்டம், அதன் மேல் மங்களூர் ஓடு. சுவர் உயரம் 9 அடி. வாசலுக்கு இரட்டைக் கதவு, உள்ளே போக இன்னொரு கதவு, மரக்கம்பி போட்ட இரண்டு சன்னல். வேலை தொடங்கும்போது சுவரில் ரோஸ் நிற பிளாஸ்டிக் எமல்ஷன், தரையில் மர டிசைன் வினைல் ஷீட், கதவில் பிரவுன் எனாமல், நடுவே ஒரு வெள்ளை டியூப்லைட்.

வீட்டு அக்கா சொன்னது ஒரே வரிதான்: "பத்மநாபபுரம் அரண்மனைக்குள்ள போனா ஒரு அமைதி வருதுல்லா, அது மாதிரி வேணும்." நல்ல தொடக்கம். பத்துப் படம் காட்டி எல்லாவற்றிலும் கொஞ்சம் கேட்பதைவிட இது எவ்வளவோ மேல். அரண்மனையில் கண்ணில் படுகிற நிறம் பெரும்பாலும் மூன்றுதான்: வெள்ளைச் சுவர், இருண்ட மரம், கறுத்து மின்னும் தரை. அந்தத் தரை தேங்காய்ச் சிரட்டைக் கரி, சுண்ணாம்பு, முட்டை வெள்ளைக்கரு எல்லாம் சேர்த்துச் செய்தது என்று சொல்வார்கள். சிமெண்டில் கறுப்பு ஆக்சைடு கலந்தால் அந்த ஆழம் வராது. அப்படியே செய்து தருகிறேன் என்று யாராவது சொன்னால் முதலில் ஒரு சதுர அடி போட்டுக் காட்டச் சொல்லுங்கள். ஆனால் மூன்று நிறம் என்ற கட்டுப்பாட்டை எந்த வீட்டிலும் கொண்டுவரலாம். இந்த வீட்டில் மூன்றும் ஏற்கெனவே இருந்தன: எமல்ஷனுக்குக் கீழே சுண்ணாம்பு, வினைலுக்குக் கீழே சிவப்புத் தரை, எனாமலுக்குக் கீழே அயனி மரம். வாங்க வேண்டியதைவிட உரிக்க வேண்டியதுதான் அதிகம்.

காலம் முக்கியம். இடவப்பாதி (தென்மேற்குப் பருவ) மழையும் ஐப்பசி மழையும் இரண்டுமே விழுகிற கன்னியாகுமரி மாவட்டம் இது. சுண்ணாம்பு வேலைக்கும் மர எண்ணெய் வேலைக்கும் தை பிறந்து பங்குனி முடிவதற்குள் உள்ள நாட்கள்தான் சரி. ஆரல்வாய்மொழி, தோவாளைப் பக்கம் வீடு என்றால் ஆனி, ஆடிக் காற்றில் வார்னிஷ் அடிக்கவே வேண்டாம். காயும் முன்பே மண் வந்து ஒட்டும்.

முதலில் சுண்ணாம்பு ஊறட்டும்

வேறு எதையும் தொடும் முன், மார்கழி கடைசியிலேயே 25 கிலோ சுட்ட சுண்ணாம்புக்கல் வாங்கி நீற்றிவைத்தாயிற்று. இதில் 15 கிலோ பூச்சுக்கு, 6 கிலோ வெள்ளையடிக்க, மீதி சேதாரத்துக்கு. இரும்பு டிரம்மில் பாதிக்குத் தண்ணீர் ஊற்றி, அதில் கல்லைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட வேண்டும். கல்லின் மேல் தண்ணீரை ஊற்றினால் வெடித்துத் தெறிக்கும். கலவை கொதிக்கும் அளவுக்குச் சூடாகும் என்பதால் பிளாஸ்டிக் வாளி வேண்டாம். கண்ணாடியும் ரப்பர் கையுறையும் இல்லாமல் பக்கத்தில் போகக்கூடாது. கண்ணில் ஒரு சொட்டு பட்டாலும் விபரீதம்.

கொதித்து அடங்கியதும் வலையில் வடிகட்டி, மேலே இரண்டு விரல் தண்ணீர் நிற்கும்படி மூடிவைக்க வேண்டும். குறைந்தது இரண்டு வாரம், அதற்கு மேல் ஊற ஊற நல்லது. அவசரப்பட்டால் என்ன ஆகும் என்றால், நீறாத பொடிக்கல் பூச்சுக்குள் போய்விடும். சுவர் முடிந்து ஒரு மாதம் கழித்து அது உள்ளே ஈரத்தை இழுத்து ஊதி, பட்டாணி அளவு குழியாகத் தெறிக்கும். அதற்குப் பிறகு செய்ய ஒன்றும் இல்லை, குழி குழியாக ஒட்டுப்போட வேண்டியதுதான்.

மேற்குச் சுவர் ஏன் உரிந்தது

மேற்குச் சுவரில் தரையிலிருந்து 3 அடி வரை பெயிண்ட் கொப்பளித்து, தட்டினால் வெள்ளைப் பொடி உதிர்ந்தது. இரண்டு வருடத்துக்கு ஒருமுறை புட்டி போட்டு மறுபடி பெயிண்ட் அடித்து வந்திருக்கிறார்கள். ஒவ்வொரு முறையும் அதே இடம்.

ஈரம் எங்கிருந்து வருகிறது என்று பார்க்க எளிய வழி உண்டு. ஒரு சதுர அடி பிளாஸ்டிக் தாளைச் சுவரில் நான்கு பக்கமும் டேப் ஒட்டி இரண்டு நாள் விடுங்கள். தாளின் சுவர்ப்பக்கம் வியர்த்திருந்தால் ஈரம் சுவருக்குள்ளிருந்து வருகிறது. அறைப்பக்கம் வியர்த்திருந்தால் காற்று ஈரம், சன்னலைத் திறந்தாலே பாதி தீரும். இங்கே சுவர்ப்பக்கம்தான் நனைந்திருந்தது. வெளியே போய்ப் பார்த்தால் காரணம் கண்ணெதிரே: முற்றத்தில் இன்டர்லாக் கல் பதித்தபோது வெளித்தரை உள்தரையைவிட நான்கு விரல் உயர்ந்துவிட்டது. தாழ்வாரத்துக்குப் பாத்தியும், அதாவது ஓட்டுத் தண்ணீரைப் பிடித்துக் கொண்டுபோகும் கால்வாயும், இல்லை. ஓட்டிலிருந்து விழுகிற தண்ணீர் நேரே சுவரடியில் தெறிக்கிறது.

வெட்டுகல் அந்த ஈரத்தை உறிஞ்சி மேலே ஏற்றும். கூடவே உப்பும் ஏறும். சுண்ணாம்புப் பூச்சாக இருந்தவரை ஈரம் சுவர் வழியே ஆவியாகிப் போயிருக்கிறது. பிளாஸ்டிக் எமல்ஷன் அந்த வழியை அடைத்துவிட்டது. உப்பு வெளியே வர முடியாமல் பெயிண்டுக்குப் பின்னால் படிகமாகி, அதைத் தள்ளி உரிக்கிறது. "வாட்டர்புரூஃப்" பெயிண்டை உள்பக்கம் அடிப்பது இதற்கு மருந்தே இல்லை. ஈரம் 3 அடியில் நிற்காமல் 5 அடிக்கு ஏறும், அவ்வளவுதான்.

ஆகவே முதல் வேலை வீட்டுக்கு வெளியே. சுவரை ஒட்டி 1 அடி அகலத்துக்கு இன்டர்லாக் கல்லைப் பெயர்த்து, உள்தரை மட்டத்துக்கு 9 அங்குலம் கீழே வரை தோண்டி, 20 மி.மீ. ஜல்லி நிரப்பி, வாய்க்கால்போல ஒரு பக்கமாகச் சரிவு கொடுத்தாயிற்று. தாழ்வாரத்துக்கு பி.வி.சி. பாத்தி. அலங்காரம் செய்யக் கூப்பிட்டால் குழி தோண்டுகிறார்களே என்று வீட்டில் முகம் சுளித்தார்கள். சுளிக்கட்டும்.

உள்ளே எமல்ஷனைச் சுரண்ட இரண்டு பேருக்கு மூன்று நாள். வெந்நீர் தெளித்துச் சுரண்டினால் தாளாக வரும். எங்காவது ஒரு கை அளவு விட்டுவிட்டால் அங்கே சுண்ணாம்பு பிடிக்காது, பிற்பாடு செதிலாக விழும். மேற்குச் சுவரில் கெட்டுப்போன பூச்சைக் கல் தெரிய உடைத்ததில் 60 சதுர அடி வந்தது. கல்லின் மேல் இருந்த உப்பை உலர்ந்த பிரஷ்ஷால் தேய்த்து, முறத்தில் வாங்கி வெளியே கொட்ட வேண்டும். தண்ணீர் விட்டுக் கழுவினால் கரைந்து மறுபடி கல்லுக்குள் போய்விடும்.

பூச்சு: ஊறிய சுண்ணாம்பு 1 பங்கு, சலித்த மணல் 3 பங்கு. கடற்கரை மணல் எவ்வளவு நைசாக இருந்தாலும் தொடாதீர்கள், அதில் உப்பு இருக்கிறது. சராசரி 15 மி.மீ. கனத்துக்கு 60 சதுர அடிக்கு மூன்றரை கன அடிக் கலவை பிடித்தது. ஒரே தடவையில் பூசினால் வெடிக்கும். முதலில் 10 மி.மீ., ஒரு வாரம் நிழலில் ஈரம் காத்து, பிறகு 5 மி.மீ. ஒட்டு நன்றாகப் பிடிக்கட்டும் என்று சிமெண்டு ஒரு கை சேர்க்க எந்தக் கொத்தனாருக்கும் கை துடிக்கும். பக்கத்திலேயே நின்று தடுக்க வேண்டும். சிமெண்டு சேர்ந்தால் பூச்சு கல்லைவிட இறுகி, ஈரத்துக்கு மறுபடி கதவடைப்பு. பூசிய பிறகு மூன்று வாரம் சும்மா விட்டுப் பார்த்ததில் லேசாக உப்புப் பூத்தது. பிரஷ்ஷால் இரண்டு முறை தட்டி எடுத்தபின் நின்றுவிட்டது.

வெள்ளையடிப்பு

6 கிலோ சுண்ணாம்புக்குக் கிலோவுக்கு 5 லிட்டர் கணக்கில் 30 லிட்டர் தண்ணீர். துணியில் வடிகட்டினால் பால்போல இருக்க வேண்டும், தயிர்போல அல்ல. பிரஷ்ஷில் எடுத்து அடிக்கும்போது சுவர் தெரியும், ஒன்றும் மூடவில்லையே என்று தோன்றும். மறுநாள் பார்த்தால் வெளுத்திருக்கும். கெட்டியாக அடித்தால் அன்றைக்கு அழகு, ஒரு மாதத்தில் சட்டையெல்லாம் வெள்ளை.

பழைய முறைகளில் உப்பும் கஞ்சியும் சேர்ப்பதுண்டு. உப்புக்கு எதிராகவே இத்தனை பாடு பட்ட சுவரில் உப்பு வேண்டாம். கஞ்சி நம் மழைக்காலத்தில் பூசணத்துக்கு விருந்து. நீலம் மட்டும், சுண்ணாம்பு ஒரு கிலோவுக்கு 3 கிராமுக்கு மேல் போகாமல். வெள்ளைக்குப் பதில் நிறம் வேண்டும் என்றால் மஞ்சள், சிவப்பு ஆக்சைடுகளும் காவியும் சுண்ணாம்பைத் தாங்கும். பெயிண்ட் கடை ஸ்டெய்னர்கள் பல சுண்ணாம்பில் வெளுத்துவிடும். நிறப்பொடி சுண்ணாம்பு எடையில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டக்கூடாது. ஈரத்தில் தெரிகிற நிறம் காய்ந்தால் பாதிதான் என்பதையும் நினைவில் வையுங்கள்.

நான்கு கோட், நாளுக்கு ஒன்று. ஒவ்வொரு கோட்டுக்கும் முன்னால் சுவரை நனைக்க வேண்டும். இதில் ஒரு தவறு நடந்தது: மேற்குச் சுவரின் சன்னல் பக்கம் முதல் கோட் மதியம் இரண்டு மணிக்கு, வெயில் உள்ளே அடிக்கிற நேரத்தில் அடிக்கப்பட்டது. தண்ணீர் சுண்ணாம்பு இறுகும் முன்பே ஓடிவிட்டது. மறுநாள் விரலால் தடவினால் மாவுபோல வந்தது. துடைத்து எடுத்து, நனைத்து, காலை ஏழு மணிக்கு மறுபடி அடித்தபோது பிடித்தது.

தரை

வினைலை உரித்ததும் கீழே சிவப்பு. பசை பிசுபிசுப்பு நீங்க வெந்நீரும் சோப்பும், பிளாஸ்டிக் சுரண்டி. பிடிவாதமான இடத்தில் மட்டும் துணியில் கொஞ்சம் டர்பன்டைன். ஆசிட் வேண்டவே வேண்டாம், சிவப்புத் தோல் அரித்து வெளிறிவிடும்.

பிறகு கொத்தனார் ஒரு ஐந்து ரூபாய் நாணயத்தைக் கையில் வைத்துக்கொண்டு முட்டி போட்டு, அடிக்கு அடி தட்டிக்கொண்டே போனார். நடுவில் எல்லாம் கிண்ணென்ற சத்தம். சுவரோரம் வந்ததும் சத்தம் மாறியது. "இங்க அடி பிடிக்கல, கேட்டியளா அக்கா?" மேற்கு ஓரம் முழுக்கவும் வடக்கில் பாதியும் பொள்ளல், சாக்பீஸால் கோடு போட்டாயிற்று. நடுவே ஐந்தடி நீளத்தில் மயிரிழை வெடிப்பு ஒன்று.

இங்கேதான் பலர் மாட்டிக்கொள்வார்கள். பழைய சிவப்போடு புதுச் சிவப்பு பொருந்தவே பொருந்தாது. சிமெண்டின் சாம்பல் நிறம், பொடியின் ரகம், ஐம்பது வருடத்து எண்ணெயும் காலடியும் எல்லாம் சேர்ந்தது அந்த நிறம். ஒட்டு ஒட்டாகவே தெரியும். ஆகவே ஒளிக்காமல் டிசைனாக்கிவிடலாம் என்று முடிவானது: நான்கு சுவரையும் சுற்றி 8 அங்குல அகலத்தில் பழையதை வெட்டி எடுத்து, கறுப்பு பார்டர். அரண்மனைக் கறுப்புக்கு ஒரு சின்ன வணக்கம், பொள்ளலும் போயிற்று.

பரப்பு 30 சதுர அடி. அடிப்பூச்சு 20 மி.மீ., சிமெண்டு 1, மணல் 4: சிமெண்டு 21 கிலோ, மணல் 2 கன அடிக்குச் சற்று மேல். மேல்பூச்சு 3 மி.மீ.: சிமெண்டு 14 கிலோ, கறுப்பு இரும்பு ஆக்சைடு 1.4 கிலோ. ஒரு மூட்டை சிமெண்டில் முடிந்து மீதியும் இருக்கும். கரிப்பொடி வாங்கிவிடாதீர்கள், பூசும்போது மேலே மிதந்து திட்டுத் திட்டாகும். மேல்பூச்சுக்கான சிமெண்டையும் பொடியையும் முழு அளவும் ஒரே நேரத்தில் உலர்வாகக் கலந்து இரண்டு முறை சலித்து மூடிவைக்க வேண்டும். சட்டி சட்டியாகக் கலந்தால் ஒவ்வொரு சட்டியும் ஒரு கறுப்பு.

வெட்டும் ஓரத்தைக் கட்டர் வைத்து நேர்கோடாக எடுத்து, பழைய தரைக்கும் புதியதற்கும் நடுவே 4 மி.மீ. கண்ணாடிப் பட்டை. நீளவாக்கில் நான்கடிக்கு ஒரு பட்டை. இல்லாவிட்டால் பார்டர் தன் இஷ்டத்துக்கு வெடிக்கும். அடிப்பூச்சு விரல் வைத்தால் லேசாகப் பதியும் பதத்தில் இருக்கும்போதே மேல்பூச்சு. மேலே தண்ணீர் கசிந்து நின்றால் உலர்ந்த சிமெண்டைத் தூவிக் கரண்டி போடுகிற வழக்கம் உண்டு. அப்படிச் செய்த தோல் ஒரு வருடத்தில் உரியும். காத்திருந்து, தண்ணீர் இழுத்தபின் இரும்புக் கரண்டியால் மூன்று நடை அழுத்தித் தேய்ப்பதில்தான் பளபளப்பு இருக்கிறது. தொடங்கிய கையே முடிக்கவும் வேண்டும், ஆள் மாறினால் கை அழுத்தம் மாறும்.

மறுநாளிலிருந்து ஏழு நாள் நனைந்த வெள்ளைப் பருத்தித் துணி. சாக்கு போட்டால் கறை இறங்கும். நடுவிலிருந்த மயிரிழை வெடிப்பை ஒன்றும் செய்யவில்லை. அதை வெட்டி நிரப்பினால் கோடு இன்னும் தடிமனாகத் தெரியும்.

பழைய சிவப்பை 220, 400, 600, 800 என்று வாட்டர் பேப்பரால் தண்ணீர் விட்டுத் தேய்த்தோம். நான்கு வாரம் காய்ந்தபின் தேங்காய் எண்ணெய். மொத்த அறைக்கும் 100 மில்லி போதும். துணியில் தொட்டுத் தடவி, அரை மணி கழித்து உலர்ந்த துணியால் அழுந்தத் துடைக்க வேண்டும். நம்ம ஊரில் தேங்காய் எண்ணெய்க்குப் பஞ்சமில்லை என்று தாராளமாக ஊற்றினால் சிக்குவாடை, எறும்பு, புழுதி மூன்றும் வரும். மெழுகு பாலிஷ் வாசலிலிருந்து மூன்றடி விட்டு உள்ளே மட்டும். மழையில் நனைந்த காலோடு வருகிறவர்கள் வழுக்கி விழுவது அந்த இடத்தில்தான்.

கதவு

மூன்றரைக்கு ஏழடி, இரட்டைக் கதவு. பழைய எனாமலில் ஈயம் இருக்கலாம். வீட்டுப் பெயிண்டில் ஈயம் 90 பி.பி.எம்.முக்கு (பத்து லட்சம் பங்கில் 90க்கு) மேல் கூடாது என்ற விதி நம் நாட்டில் 2017இல்தான் நடைமுறைக்கு வந்தது. ஆகவே உலர்வாக மெஷின் வைத்துத் தேய்த்துத் தூசி பறக்கவிடக்கூடாது, தீ வைத்துச் சுடவும் கூடாது, குழந்தைகள் உள்ள வீட்டில் நிச்சயமாக. கதவைக் கழற்றித் தென்னை நிழலில் தார்பாய் விரித்து, பெயிண்ட் ரிமூவர் தடவி, பிளாஸ்டிக் தாள் மூடி இருபது நிமிடம் விட்டுச் சுரண்டினால் போதும். இரண்டு பக்கமும் இரண்டு தடவைக்கு 3 லிட்டர் ஆயிற்று. சுரண்டியதை மூட்டையாகக் கட்டித் தனியே வைக்க வேண்டும், உரக்குழியில் போடக்கூடாது.

செதுக்கிய மூலைகளுக்குப் பித்தளை பிரஷ். இரும்புக் கம்பளி வேண்டாம். அயனியில் இரும்புத் துணுக்கு தங்கி ஈரம் பட்டால் மைக்கறைபோலக் கறுக்கும். பிறகு 80, 120, 180 தாள், மரத்தை ஈரத்துணியால் துடைத்துக்கொண்டே. மூன்றாம் நாள் அந்தப் பொன்னிறம் எழுந்து வந்தபோது, பாலிஷில் ஸ்டெயின் கலக்கலாமா என்ற பேச்சே எழவில்லை.

உள்பக்கத்துக்குக் காய்ச்சிய ஆளிவிதை எண்ணெய். முதல் கோட் எண்ணெயும் டர்பன்டைனும் சரிபாதி, இரண்டாவது 2க்கு 1, மூன்றாவது தனி எண்ணெய். ஒவ்வொன்றுக்கும் நடுவே 24 மணி நேரம், வானம் மூடியிருந்தால் 48. தடவிய இருபது நிமிடத்துக்குள் மிச்சத்தைத் துடைக்காவிட்டால் மாதக்கணக்கில் பிசுபிசுக்கும். துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் எறிவதுதான் இதில் பெரிய ஆபத்து. ஆளிவிதை எண்ணெய் காயும்போது தானே சூடாகும், குவிந்த துணி தானாகத் தீப்பிடிக்கும். தண்ணீரில் முக்கிவையுங்கள், அல்லது கொடியில் தனித்தனியே விரித்துப் போடுங்கள்.

வெளிப்பக்கத்துக்கு இந்த எண்ணெய் நம் மழையில் பூசணம் பிடித்துக் கறுக்கும். அங்கே வெளிப்புறத்துக்கான மேட் பி.யூ. (பாலியூரித்தேன்) பாலிஷ் இரண்டு கோட். கழுக்கோலுக்கும் அதன் மேல் குறுக்கே போகும் பட்டியலுக்கும் பழையபடி அண்டித் தோட்டிலிருந்து (முந்திரிக்கொட்டை ஓட்டிலிருந்து) எடுக்கும் எண்ணெய்தான். மரத்தை இருளாக்கும், பூச்சியும் நெருங்காது. தோலில் பட்டால் கொப்பளிக்கும், முழுக்கை சட்டையும் கையுறையும் கட்டாயம். கீல்களுக்குப் பித்தளைத் திருகாணி. குளச்சல், முட்டம் பக்கம் கடல்காற்று அடிக்கிற வீடுகளில் திரைச்சீலைக் கம்பியும் குரோம் பூசியது வேண்டாம், ஒரு மழைக்காலத்தில் புள்ளி புள்ளியாகத் துருப்பிடிக்கும்.

வெளிச்சம்

6500 கெல்வின் (நீலம் கலந்த வெள்ளை ஒளி) டியூப்லைட்டின் கீழே சிவப்புத் தரை கத்தரிக்காய்போலத் தெரிந்தது. அதை எடுத்துவிட்டு 2700 கெல்வினில் (மஞ்சள் ஒளி) 7 வாட் எல்.இ.டி. மூன்று: ஒன்று வாசிக்கும் நாற்காலிக்குப் பக்கத்தில், இரண்டு சுவரை நோக்கி. பனையோலைக் கூடையைக் கவிழ்த்து விளக்குமூடியாக்கியதில் பல்புக்கும் ஓலைக்கும் நான்கு அங்குல இடைவெளி விட்டிருக்கிறது. பழைய வயரிங்கை மாற்றும்போதே மின்கசிவு வந்தால் இணைப்பைத் துண்டிக்கிற 30 மில்லிஆம்பியர் ஆர்.சி.சி.பி. ஒன்றும் சேர்ந்தது.

பகலுக்கு இரண்டு கண்ணாடி ஓடு. வடக்குச் சரிவில் வைத்தால் வெயில் வராது என்ற கணக்கு இங்கே பாதிதான் சரி. நாம் இருப்பது எட்டு டிகிரி அட்சத்தில். ஏப்ரல் நடுவிலிருந்து ஆகஸ்ட் கடைசி வரை நண்பகல் சூரியன் நமக்கு வடக்கே நிற்கும். ஆகவே நாற்காலிக்கு நேர் மேலே வைக்காமல் சுவரோரமாக வைத்தால் ஒளி சுண்ணாம்பில் பட்டுப் பரவும். முதலில் வாங்கிவந்த கண்ணாடி ஓட்டின் பள்ளம் நம் ஓட்டின் பள்ளத்தோடு பொருந்தவில்லை, வாளித் தண்ணீர் ஊற்றிப் பார்த்ததில் ஒழுகியது. ஓட்டுக்கு ஓடு வார்ப்பு மாறும். வீட்டு ஓடு ஒன்றைக் கையோடு கொண்டுபோய்ப் பொருத்திப் பார்த்து வாங்குங்கள்.

ஊஞ்சலும் கேட்டார்கள். கழுக்கோலில் மாட்டக்கூடாது, உத்திரத்தில்தான் மாட்ட வேண்டும். இரண்டு பேர் 150 கிலோ என்றால் ஆடும்போது அதன் இரண்டு மூன்று மடங்கு இழுக்கும். இந்த உத்திரத்தின் சுவர்முனை ஒன்றில் உளி அரை அங்குலம் இறங்கியது. அந்த முனையை ஆசாரி மாற்றும் வரை சன்னலடியில் பெஞ்சுதான்.